ஓ.எம்.ஆரில் ஒரு பாலித் தீவு

கும்பகோணம் பக்கத்து எங்கள் கொல்லைக்கு வரைபடம் போட்டது தண்ணீர்தான். துவைக்கிற கல்லில் இருந்து வழியும் சோப்புத் தண்ணீர் முதலில் கல்வாழைப் புதருக்குள் நுழையும். அங்கே கொஞ்சம் தெளிந்து சேம்புக்கு, அப்புறம் வாழைக்கு. பாட்டி மண்வெட்டியால் ஒரு கொத்து மண்ணை அள்ளி வாய்க்காலில் வைத்தால் போதும், தண்ணீர் திரும்பி எலுமிச்சைக்குப் போய்விடும்.

எது எங்கே என்பதற்குக் காரணம் இருந்தது. மேற்கு வெயிலை மறிக்க வேம்பு. கம்பளிப்பூச்சி வீட்டுக்குள் ஏறாமலிருக்க, முருங்கை வேலியோரம். கறிவேப்பிலை அடுக்களைக் கதவை ஒட்டி; ரசம் கொதிக்கும்போது யார் கொல்லைக்கோடி வரை ஓடுவது? கொல்லையை அழகு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "காய்ச்சிருக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

இப்போது இருப்பது சென்னை ஓ.எம்.ஆர். அடுக்ககத்தில். இங்கே தோட்டம் கிடையாது, லேண்ட்ஸ்கேப் உண்டு. அதுவும் 'பாலினீஸ் தீம்'. விளம்பரப் புத்தகத்தில் ஒரு தம்பதி வெறுங்காலோடு புல்லில் நடக்கிறார்கள். நேரில் 'புல்லில் நடக்காதீர்' என்று பலகை நிற்கிறது.

பில்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. புல்லுக்கு அடியில் பூமியே இல்லை, கார்கள்தான் நிற்கின்றன. கான்கிரீட் தளத்தின் மேல் ஒன்றரை அடி மண்ணைக் கொட்டி வைத்தால் வேம்பா வளரும்? குட்டைப் பனை வகைகளும் கொரியன் புல்லும்தான் வரும். சென்னையில் வருஷத்துக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை, அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். புல்லுக்கோ பன்னிரண்டு மாதமும் தாகம். 2019 கோடையில் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து, வாளியைக் கணக்கு வைத்துக் குளித்தோம். புல்வெளியில் மட்டும் ஸ்பிரிங்க்ளர் ஒய்யாரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பராமரிப்பு ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்கிறதாம்.

ஓரமாக ஒரு கறிவேப்பிலைக் கன்றை வைத்தேன். மறுவாரம் காணோம். தோட்டக்காரரைக் கேட்டேன். "அது தீம்ல இல்ல சார்" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

கருங்கல் பெஞ்சுகள் எல்லாம் மேற்கு பார்த்தவை. சாயங்காலம் நாலு மணிக்கு அவற்றில் அப்பளம் சுடலாம். அதனால் பெரியவர்கள் மோட்டார் ரூம் படிக்கட்டில் கூடுகிறார்கள். பக்கத்துக் காலிமனைப் புங்க மரம் சுவர் தாண்டிச் சாய்ந்து அங்கே நிழல் தருகிறது. அரசியல், மூட்டுவலி, மருமகள் எல்லாம் அந்த நாலு படியில்தான் அலசப்படும். பிள்ளைகள் பேஸ்மென்டில் கார்களுக்கு நடுவே கிரிக்கெட் ஆடுகிறார்கள். வளாக வரைபடத்தில் இந்த இரண்டு இடமுமே சாம்பல் நிறம்.

போன மாதம் சங்கக் கூட்டத்துக்கு ஒரு ஆலோசகர் வந்தார். பசுமை வளாகமாக மாற்றித் தருகிறாராம். குளியலறைத் தண்ணீரைக் கல்வாழைப் பாத்திக்குள் விட்டு, தெளிந்ததும் செடிகளுக்குப் பாய்ச்சும் 'நவீன' முறையைத் திரையில் காட்டினார். பலத்த கைதட்டல். மதிப்பீடு லட்சங்களில் இருந்தது. மண்வெட்டி அதில் சேர்த்தியா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த தீர்மானம் இரண்டே நிமிஷத்தில் நிறைவேறியது. மோட்டார் ரூம் படியில் கூட்டம் சேர்வது வளாகத்தின் தோற்றத்தைக் கெடுக்கிறதாம். 'இங்கே அமரக் கூடாது' என்று அங்கே பலகை வைக்கிறார்கள். தீமுக்குப் பொருத்தமாக, மூங்கிலில்.