மூங்கில் தட்டியின் இருப்பிடம்: ஒரு செம்மண்டல ஆய்வு

ஜன்னலுக்கு மூங்கில் தட்டி கட்டினால் உள்ளே கட்டுவதா, வெளியே கட்டுவதா? உயிரா மெய்யா என்று உலகம் தர்க்கம் செய்தது போதும். இதையும் யாராவது ஆராயத்தான் வேண்டும். கடலூர் செம்மண்டலத்தில், மேற்குப் பார்த்த ஒரே ஒரு படுக்கையறை ஜன்னலே இவ்வாய்வின் களம். அதற்குமேல் ஜன்னல் வாங்க ஆய்வாளருக்கு வசதியில்லை.

முதலில் சூரியன். கடலூர் ஏறத்தாழ 11.75 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரம் உச்சந்தலைக்கு நேரே வரும் நடுப்பகல் சூரியன் வடக்கே நகர்ந்து, ஆகஸ்டில்தான் திரும்புகிறான். ஆக, கத்திரி முழுக்க அவன் நமக்கு வடக்கே. ஆனால் எந்த மாதமானாலும் மாலை நாலு மணிக்குச் சாய்ந்து நுழைகிற வெயிலுக்கு மேற்குச் சுவரின் ஒன்றரை அடி சன்ஷேட் ஒரு பொருட்டே இல்லை. தட்டிக்கான தேவை இங்கே நிறுவப்படுகிறது.

வெளிக்கட்டு மரபினரின் வாதம் பௌதிகம். கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயில் உள்தட்டியைச் சுடவைக்கும்; அந்தச் சூடு அறையிலேயே குடியேறும். வெயிலை வாசலிலேயே நிறுத்து என்கிறார்கள். திண்ணையில் தட்டி தொங்கவிட்ட பெரியவர்களுக்கு இது தெரியும். நொச்சிக்காட்டு மணலில் வெட்டிவேர் விளைகிற மாவட்டம் இது. வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்துக் காற்றைக் குளிர்வித்த ஞானமும் நம்முடையதே.

உட்கட்டு மரபினர் ஐப்பசியைக் காட்டுகிறார்கள். நனைந்த மூங்கிலில் பூசணம் பூக்கும். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் பலா மரமும் முந்திரித் தோப்புமே சாய்ந்த ஊரில் தட்டி எம்மாத்திரம்? போதாக்குறைக்குச் சிதம்பரத்தையும் துணைக்கழைக்கிறார்கள்: ரகசியத்தின் மீது விழும் கறுப்புத் திரையே சித்சபைக்கு உள்ளேதானே! திரைக்குப் பின்னால் தங்க வில்வ மாலை இருக்கிறது. என் ஜன்னலுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. ஒப்புமை நிராகரிக்கப்படுகிறது.

கள ஆய்வில் வெளிக்கட்டே வென்றது. தச்சர் வந்து டிரில்லைச் சுவரில் வைத்தார். கால் அங்குலம் இறங்கியதும் நின்றது. “சார், இது லிண்டல் காங்கிரீட்டு, இந்த பிட்டு போகாது.” வேறு டிரில் தேடிப் போனார். அந்த இடைவெளியில் வீட்டம்மா எட்டிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “ஏங்க, அங்க தட்டி கட்டிட்டா கதவு எப்படித் திறக்கும்?”

நம்மூர் ஜன்னல் கதவு வெளிப்பக்கம் திறப்பது. ஆய்வு மூன்று மாதம். அது சரிய மூன்று விநாடி.

திருத்தப்பட்ட முடிவு: தட்டியைச் சுவரில் கட்டாமல் சன்ஷேட் விளிம்பில் கொக்கி போட்டுத் தொங்கவிட வேண்டும். கதவின் அகலம் ஒன்றேகால் அடி, சன்ஷேட் ஒன்றரை அடி. மூன்று அங்குலம் மிச்சம். இடையில் சூடான காற்று மேலேறிப் போகவும் வழி. ஐப்பசி பிறக்குமுன் சுருட்டிப் பரணில் போட்டுவிடலாம்.

இத்துறையில் இறங்கவிருக்கும் அன்பர்கள் டிரில்லைத் தொடுமுன் ஜன்னல் கதவை ஒருமுறை முழுக்கத் திறந்து பார்த்துவிடவும்.