கொம்பு முளைத்த புழு

கேள்வி: அணுபுரத்தில் எங்கள் வீட்டு நந்தியாவட்டையை ஒரு கொழுத்த பச்சைப் புழு மொட்டையடிக்கிறது. வாலில் கொம்பு வேறு! கல்பாக்கம் அணு உலையின் வேலையா?

பதில்: உலையைச் சந்தேகிக்காதீர்கள். அங்கே முதல் உலை இயங்கத் தொடங்கியது 1983இல். இந்தப் புழுவின் இனத்துக்கு இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயர் வைத்தது 1758இல். கொம்பு பரம்பரைச் சொத்து. பருந்து அந்துப்பூச்சிக் குடும்பத்துப் புழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு உண்டு; கொட்டாது. தொட்டால் நீலக் கண்புள்ளிகளைக் காட்டி முறைக்கும், வெறும் உதார்தான். நஞ்சுள்ள அரளி இலையையே செரிக்கிற வயிற்றுக்கு உங்கள் நந்தியாவட்டை தயிர்சாதம். பிறகு சருகுக்கடியில் கூட்டுப்புழுவாகி, பச்சை அந்துப்பூச்சியாக வெளியே வந்து, இருட்டியதும் பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றே தேன் குடிக்கும். மருந்தடிக்காதீர்கள், செடி மறுபடி தளிர்க்கும். அதுவரை பூஜைக்குப் பக்கத்து வீட்டில் பறித்துக்கொள்ளுங்கள், வழக்கம்போல.