குறும்படத் தொடக்கக் காட்சியும் கொண்டை ஊசி நியதியும்

சேலம், நாமக்கல் சமவெளிக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் விளையும் மாணவர் குறும்படங்களின் தொடக்கக் காட்சி, தத்துவத் தொடக்கம், அலாரத் தொடக்கம், ட்ரோன் தொடக்கம் என மூவகைப்படும் என்பர். இவற்றுள் தத்துவத் தொடக்கமாவது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பொன்மொழி தோன்றுவது. அதில் எழுத்துப்பிழை இருக்கும் என்பதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை.

அலாரத் தொடக்கமாவது, இருண்ட திரையில் அலாரம் ஒலிக்க, பின்னர் போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் நீண்டு கைப்பேசியைத் துழாவுவது. படத்துக்கு முன்பே அதன் ஒலியை வரவிடும் இவ்வெட்டைத் தொகுப்பாளர்கள் ‘ஜே கட்’ என வழங்க, தமிழ்த்துறையினரோ வேறு பொருள் காண்பர்: தொல்காப்பிய நெறிப்படி வைகறை மருதத்துக்குரிய பொழுது, மருதத்தின் உரிப்பொருள் ஊடல், ஆகவே கைக்கும் அலாரத்துக்கும் நிகழ்வது ஊடலே, அம்மா வந்து மின்விசிறியை நிறுத்துவது வாயில், அதாவது ஊடல் தீர்க்கும் தூது. விடுதி அறையில் அம்மா இல்லாமையால் அது பாலையே என மறுப்பார் மறுசாரார். இவ்விரு சாராரின் அடிக்குறிப்புகளை மட்டும் எண்ணி முனைவர் பட்டம் பெற்ற மூன்றாம் சாராரே இன்று துறைத்தலைவர்களாக விளங்குகின்றனர்.

விரித்துரைக்கத் தக்கது ட்ரோன் தொடக்கமே. கதை சங்ககிரி லாரிப் பட்டறையில் நடப்பினும் முதல் ஷாட் மலைப்பாதையின் மேல் பறந்தே தீரும். சமவெளிக் கதைக்குள் மலை புகும் இவ்வழுவைத் திணைமயக்கம் என்று அமைத்துக்கொள்வர். சேலத்தார் ஏற்காட்டுக்குச் செல்வர், அப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் 20. நாமக்கல்லார் கொல்லிமலைக்குச் செல்வர், அங்கு 70. எனவே நாமக்கல் படத்தின் தொடக்கம் சேலத்துப் படத்தினதைவிட மூன்றரை மடங்கு நீளும் என்பதே கொண்டை ஊசி நியதி. 1935-இல் டி. ஆர். சுந்தரம் நிறுவி, நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தந்த மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு மட்டும் ஏற்காடு சாலையில் எஞ்சி நிற்க, அதையும் கூட்டி 21 எனப் பாடம் கொள்வாரும் உளர். அது பிற்கால இடைச்செருகல் என விலக்குக.

ருஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், நடிகர் ஒருவரின் ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாறிமாறி ஒட்டிக்காட்டி, பொருள் தனி ஷாட்டில் அன்று, ஷாட்டுகளின் சேர்க்கையிலேயே பிறக்கும் என்றார். அந்நெறிப்படி ஒரு வளைவுக்குப் பின் நாயகன் முகத்தை ஒட்டினால் போதும், ஏனைய 69 வளைவுகளும் மிகை. ஆயின் குலெஷோவ் நாள் வாடகைக்கு ட்ரோன் எடுத்தவர் அல்லர். வாடகையில் பங்கு போட்ட நண்பர்கள் லேப்டாப்பைச் சூழ்ந்து நிற்க, ஒருவனுடைய பைக் 34-ஆம் வளைவில் புள்ளியாகத் தெரிய, இன்னொருவன் வாங்கிக் கொடுத்த பெட்ரோல் 52-ஆம் வளைவோடு தீர்ந்திருக்க, தொகுப்பாளன் எந்த வளைவிலும் கைவைக்க இயலாது. அவன் செய்யக்கூடியது ஷாட்டை வேகப்படுத்துவது ஒன்றே. அதற்கும் பின்னணி இசை அமைத்தவன் ஒப்பான்.

போட்டி விதி 5 நிமிடத்துக்கு மேல் ஏற்காமையால் வெட்டு எங்கேனும் விழுந்தாக வேண்டும் என்பதால், அது இறுதிக் காட்சியின் மேல் விழுகிறது. நாயகன் என்ன ஆனான் என்பது தெரியாமற் போவதைத் ‘திறந்த முடிவு’ என நடுவர்கள் பாராட்டிப் பரிசளிப்பது மரபு.