அதிதியியல் பாடம் ஆரம்பிக்கக் கோரல்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய கல்வி மேலிடம் அவர்களுக்கு,

அதிபர் ஊடாக, வலயம் ஊடாக, மாகாணம் ஊடாக, யார் ஊடாகச் சுற்றினாலும் ஒருநாள் தங்கள் மேசைக்கு வந்துசேரும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். முகவரி போடாததற்குப் பொறுத்தருள வேண்டும். இங்கே கேட்டால் அங்கே என்கிறார்கள், அங்கே கேட்டால் கொழும்பு என்கிறார்கள்.

எங்கள் மகன் படிக்கும் பாடசாலையில் சென்ற வியாழக்கிழமை புதிய மலசலகூடத் தொகுதி திறந்துவைக்கப்பட்டது. ஆறு கதவு, அதில் நான்குக்குக் கொண்டியும் உண்டு, மாஷா அல்லாஹ். பிரதம அதிதி 8 மணிக்கு வருவார் என்று சொல்லி, கெடட் பெண்ட் பிள்ளைகளை 7 மணிக்கே பிரதான வீதியிலிருந்து கேற் வரை இரண்டு வரிசையாக நிறுத்தினார்கள். அவர் வந்தது 11.20க்கு. வாகனம் கண்ணாடி இறக்காமல் நேரே உள்ளே போய்விட்டது. பிள்ளைகள் சுதாரித்துக்கொண்டு அடிக்கத் தொடங்கியபோது வரிசைக்குள் வந்தது சாப்பாட்டு வேன். முழு இராணுவ மரியாதையும் புரியாணிக்குத்தான் கிடைத்தது. வேன் சாரதி நல்ல மனிதர், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துச் சலூட் வைத்தார். அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பதில் மரியாதை செய்த ஒரே பெரிய மனிதர் அவர்தான்.

அடுத்தது சோபா. எங்கள் கடற்கரை மண் தங்களுக்குத் தெரியும்தானே. மைதானத்தில் போட்ட பந்தலுக்குள் பிரதம அதிதியின் சோபா ஒரு பக்கம் சரிந்து நின்றது. ஏற்பாட்டாளர் ஒருவர் சுற்றிப் பார்த்தார். மேடைக்குப் பின்னால் எட்டுப் பையன்கள் சரிகைத் தொப்பியும் சாரமுமாக, கையில் ஆளுக்கு இரண்டு கம்போடு, பொல்லடி ஆடக் காத்துக்கொண்டிருந்தார்கள். "தாங்க தம்பி, இப்ப தந்திடுறன்" என்று நாலு சோடியை வாங்கிச் சோபாவின் காலுக்கடியில் செருகினார். சோபா நிமிர்ந்தது, அதிதி அமர்ந்தார். நான்கு பேர் பேசினார்கள். அதன்பிறகு நேரம் போதாமையால் பொல்லடி இரத்து என்று அறிவித்தார்கள். இரத்துச் செய்யாவிட்டாலும் என்ன பயன், கம்பின் மேல்தான் அதிதி இருந்தாரே.

இதை முறைப்பாடாகத் தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்குக் கண் திறந்தது அன்றைக்குத்தான். நம் பாடசாலைகளில் சித்திரம், சங்கீதம், நாடகம், கெடட் என்று தனித்தனியாக நடத்துவது வீண் செலவு. எல்லாமே ஒரே பாடத்தின் அலகுகள். அந்தப் பாடத்துக்கு அதிதியியல் என்று பெயர் வைத்து, தரம் 6 முதல் 9 வரை கட்டாயமாக்கி, சாதாரண தரத்தில் இரண்டாம் தொகுதிப் பாடங்களோடு, அதாவது சித்திரம், கர்நாடக சங்கீதம், நாடகமும் அரங்கியலும், அரபு இலக்கிய நயம் இவற்றோடு சேர்த்துவிடும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். பாடத்திட்டத்தை நானே வரைந்திருக்கிறேன். தரம் 6இல் நிற்றல். தரம் 7இல் வெயிலில் நிற்றல். தரம் 8இல் மாலைத் தட்டு ஏந்துதல், பொன்னாடையின் சரியான பக்கம் காணுதல். தரம் 9இல் விளங்காத பேச்சுக்கு விளங்கியதுபோல் கைதட்டுதல். சாதாரண தரச் செய்முறைப் பரீட்சை 4 மணித்தியாலமும் 20 நிமிடமும். மயங்கி விழுந்தால் புள்ளி கழிக்கப்படும்.

புள்ளி கழிப்பது பற்றி எழுதும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. வரிசையில் நின்ற ஒரு பிள்ளை 10 மணிபோல் விழுந்துவிட்டது. 14 வயது. காலையில் பிளேன்டீ மட்டும் குடித்துவிட்டு வந்தது. மேடையில் வரிசையாகத் தண்ணீர்ப் போத்தல்கள் இருந்தன. ஒன்றை எடுக்கப்போன டீச்சரிடம் "அது அதிதிகளுக்கு" என்றார்கள். இன்னொருவரின் பிள்ளையை வெயிலில் நிறுத்திவிட்டுத் தண்ணீரையும் மறிக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது? வெட்கம் என்று ஒன்று இல்லையா?

மன்னிக்க வேண்டும், தங்களைப் போன்ற பெரியவர்களிடம் பேசும் முறை இதுவல்ல. அதிதியியலில் நான் இன்னும் தரம் 6ஐத் தாண்டவில்லை.

கெடட் விடயத்துக்கு வருகிறேன். இந்த நாட்டில் அது 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கியது. 1985ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் அது தேசிய மாணவர் படையணியாக அமைக்கப்பட்டது. ரன்தம்பையில் பயிற்சி நிலையம் இருக்கிறது. எங்கள் மகன் அந்தப் பெயரை உச்சரிக்கும் அழகைத் தாங்கள் கேட்க வேண்டும், ஏதோ லண்டனுக்குப் போகப்போவதைப்போல. வரைபடம் பார்க்கலாம், முதலுதவி படிக்கலாம், வேற்று மொழி பேசும் பிள்ளைகளோடு ஒரே கூடாரத்தில் தூங்கி எழும்பலாம் என்று எண்ணித்தான் அவன் சேர்ந்தான். இதுவரை அவன் போன முகாமெல்லாம் எங்கள் கேற்றடிதான். சைட் ட்ரம்மின் தோல் கிழிந்து, பெட்டி ஒட்டும் பழுப்பு நிற டேப்பால் ஒட்டியிருக்கிறது. டேப் உள்ள பக்கம் அடித்தால் தகரச் சத்தம் வரும் என்பதால் குச்சியை எப்போதும் இடப்பக்கமாகவே சரித்து அடிக்கப் பழகிவிட்டான். புதிய தோல் கேட்டோம், நிதி இல்லை என்றார்கள். மலசலகூடத்துக்கு வைத்த பளிங்குப் பெயர்க்கல்லில் பத்துப் பேரின் பெயர் இருக்கிறது, அதுவும் தங்க எழுத்தில்.

சங்கீத டீச்சர் இடமாற்றமாகிப் போன பிறகு அந்தப் பாடவேளை கணிதத்துக்குப் போய்விட்டது. கேட்கப்போனபோது அங்கிருந்த ஒரு பெரியவர், "முஸ்லிம் பாடசாலைக்குச் சங்கீதம் என்னத்துக்கு?" என்றார். நல்ல கேள்வி. அதே பெரியவர்தான் வியாழக்கிழமை "பெண்ட் இன்னும் சத்தமா அடிங்க தம்பிமாரே" என்று கத்திக்கொண்டு ஓடினார். நேரசூசியில் கூடாத தாளம் பிரதம அதிதியின் காலடியில் கூடும் என்ற சட்டத்தை எந்தக் கிதாபில் பார்த்தாரோ தெரியாது. கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்குப் பாவாமார் ரபானோடு வந்து பைத் பாடுவதைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. நாற்று நடுகையிலும் பிள்ளை தாலாட்டுகையிலும் எங்கள் உம்மம்மாமார் கட்டிய கவிகளைப் பல்கலைக்கழகத்துக்காரர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து சேகரித்துக்கொண்டு போனார்கள். சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையில் இருக்கிறது காரைதீவு. 1892இல் அங்கே பிறந்த விபுலானந்த அடிகள்தான் பழந்தமிழ் இசையைத் தோண்டியெடுத்து 1947இல் யாழ் நூல் தந்தார். அவர் பெயரில் கல்லடியில் நடக்கும் நிறுவகம் இசையிலும் நடனத்திலும் அரங்கிலும் பட்டதாரிகளை உருவாக்குகிறது. கல்முனையிலிருந்து கல்லடி சுமார் 40 கிலோமீற்றர். அந்தத் தூரத்தைக் கடந்து ஒரு நியமனக் கடிதம் வர முடியவில்லை. பிரதம அதிதிமார் கொழும்பிலிருந்தே வந்துவிடுகிறார்கள்.

ஆனால் அதிதியியலில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை, ஆசிரியர் தேவையே இல்லாத பாடம் அது. பிள்ளைகளைப் பழக்க யார் வேண்டும், ஒரு மைக்கும் ஒரு பந்தலும் போதும்.

ஒரு சின்ன இடைஞ்சல் மட்டும். பொல்லடி பழக்கிய அண்ணாவியார் அக்கரைப்பற்றிலிருந்து இரண்டு மாதமாகப் பஸ்ஸில் வந்துபோனவர். பஸ் காசுகூட வாங்கவில்லை. பையன்கள் தாளம் பிசகினால் தொடையில் தட்டிக் காட்டுவார், ஏசமாட்டார். வியாழக்கிழமையும் வந்திருந்தார். பந்தலுக்கு வெளியே, கதிரை கிடைக்காமல், கடைசி நன்றியுரை வரை நின்றார். நன்றியுரையில் பந்தல்காரர் பெயர் வந்தது, ஒலிபெருக்கிக்காரர் பெயர் வந்தது, இவர் பெயர் வரவில்லை. சோபா எழுப்பப்பட்டதும் கம்புகளைத் தோண்டி எடுத்தார், மூன்று முறிந்திருந்தது. எண்ணிப் பார்த்துவிட்டு, "வேற வெட்டலாம் மகன்" என்று மட்டும் சொன்னார். இப்படிப்பட்டவரை எந்தத் தரத்தில் நியமிக்கலாம், சம்பள அளவுத்திட்டம் என்ன என்பதைத் தாங்கள் அடுத்த சுற்றுநிருபத்தில் தெளிவுபடுத்தினால் நன்று.

வருகிற மாதம் அதே பாடசாலையில் கேற் திறப்பு விழாவாம். பழைய கேற்றுக்குப் புதுப் பெயின்ற். அழைப்பிதழில் பிரதம அதிதி ஒருவர், விசேட அதிதிகள் நால்வர், கௌரவ அதிதிகள் பதினொருவர். எங்கள் மகனை நான் அன்றைக்குப் பாடசாலைக்கு அனுப்பமாட்டேன். வேண்டுமானால் பெண்டுக்குப் பதிலாக வேன் சாரதியைக் கூப்பிட்டு ஹோர்ன் அடிக்கச் சொல்லுங்கள், அவருக்கு மரியாதை செய்யத் தெரியும்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு கெடட் பிள்ளையின் வாப்பா

பிரதி:
1. அதிபர் அவர்கள், தகவலுக்காக.
2. பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளர், பெயர்க்கல்லில் இடம் மிச்சமிருந்தால் அண்ணாவியாரின் பெயரைச் சேர்ப்பதற்காக.
3. சங்கீத ஆசிரியர், வந்து கடமையேற்கும் நாளில் கையளிப்பதற்காக.