கோவென்ட்ரிக்கு அனுப்பப்பட்டவன் எழுதிக்கொண்டது

கோவென்ட்ரி, இங்கிலாந்து

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு அநேக நமஸ்காரம்.

இவ்விடம் யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்திற்கும் அத்தையின் முழங்கால் வலிக்கும் பதில் எழுதவும். சின்னவன் பரீட்சைக்காக ஆங்கில மரபுத்தொடர்களை நெட்டுருப் போடுகிறான் என்றும், அவற்றைச் சம்பாஷணையில் பிரயோகிக்கும் விதத்தை, அந்தப் பாஷைக்காரர் நடுவிலேயே குடியிருக்கும் நான் விளக்கவேண்டுமென்றும் கட்டளையிட்டிருந்தீர்கள்.

நான் வந்து சேர்ந்திருக்கும் இந்த ஊரே ஒரு மரபுத்தொடர் என்பதை முதலில் விண்ணப்பித்துக்கொள்கிறேன். நம் பக்கத்துக் கிராமங்களில் ஊர்க்கட்டுப்பாடு என்று சொல்லி, ஒருவனோடு யாரும் பேச்சு வைத்துக்கொள்ளாமல் தள்ளிவைப்பார்களே, அப்படிச் செய்வதை ‘கோவென்ட்ரிக்கு அனுப்புதல்’ என்பது இவர்கள் வழக்கு. மதுரையில் திருமலை நாயக்கர் அரசாண்டுகொண்டிருந்த 1640-களில், இங்கே மன்னனுக்கும் பார்லிமெண்டுக்கும் மூண்ட போரில் சிறைப்பட்ட ராஜவிசுவாசிகளை இவ்வூரில் கொண்டுவந்து வைத்தார்கள் என்றும், ஊரார் ஒருவரும் அவர்களுக்கு முகங்கொடுத்துப் பேசவில்லை என்றும் அதற்கு ஒரு கதை உண்டு; நிச்சயமான சாட்சியம் இல்லை, ஆனால் நல்ல கதைக்குச் சாட்சியம் கேட்பவன் மதுரைக்காரனல்லவே! என் கம்பெனியார் என்னை மெய்யாகவே இங்கே அனுப்பியிருப்பதால், ரயிலில் ‘ஐ வாஸ் சென்ட் டு கோவென்ட்ரி’ என்று ஆரம்பித்தேனானால், பக்கத்து ஆசனத்துக்காரனோடு பேசுவதை மகாபாபமாகக் கருதும் இந்த ஜனங்கள்கூடச் சிரித்துவிட்டு, இறங்கும் வரையில் பேசிக்கொண்டே வருகிறார்கள்.

பிராட்கேட் என்ற கடைவீதிச் சதுக்கத்தில் ஒரு கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போது கொடைவா சீமாட்டியின் பதுமை குதிரைமேல் உலா வர, மேலேயுள்ள ஜன்னலிலிருந்து டாம் என்பவன் எட்டிப் பார்க்கிறான். 11-ஆம் நூற்றாண்டில், குடிகளின் வரிச்சுமையைக் குறைக்கும்படி அவள் தன் கணவனான பிரபுவை மன்றாட, அவன் ‘ஆடையின்றி ஊரைச் சுற்றி வந்தால் ஆகட்டும்’ என்று சொல்ல, கூந்தலையே ஆடையாக்கிக்கொண்டு அவள் புறப்பட்டாளாம். ஊரெல்லாம் கதவடைத்து மரியாதை செய்ய, தையற்காரன் டாம் மட்டும் எட்டிப் பார்த்துக் கண்ணை இழந்தானாம். பிறர் வீட்டு ஜன்னலில் கண் வைப்பவனுக்கு ‘பீப்பிங் டாம்’ என்று பெயர் வந்தது இதனால்தான். ஒரு நிமிஷச் சபலத்துக்கு மணிக்கொரு தண்டனை!

‘ட்ரூ ப்ளூ’வும் இவ்வூர்ச் சரக்கு என்கிறார்கள். சாயம் போகாத நீலத்துணிக்கு ஒருகாலத்தில் கோவென்ட்ரி பேர்பெற்றிருந்ததால், கொள்கையில் வெளுக்காதவனுக்கு அப்பட்டம். நம் சுங்குடிக்காரர்கள் சாயத்தின் மெருகுக்கு வைகைத் தண்ணீரைக் காரணம் சொல்வது நினைவுக்கு வந்து, இவ்வூர் ஆறான ஷெர்போர்னைத் தேடிப் போனேன். வைகையில் தண்ணீரைத் தேடவேண்டும். இங்கே ஆற்றையே தேடவேண்டியிருக்கிறது, நகரத்துக்கு அடியில் மூடிவிட்டிருக்கிறார்கள்.

இனிச் சின்னவன் சங்கதி. அவன் மனப்பாடம் செய்த ‘கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ மழையை இங்கே ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை. குடை கவிழ்ந்து, சட்டை உடம்போடு ஒட்டி, சப்பாத்துக்குள் நீர் தளும்ப வந்து நிற்கும் கனவானும் ‘எ பிட் டேம்ப்’, அதாவது கொஞ்சம் ஈரம், என்றுதான் சொல்வார். ‘வெரி இன்ட்ரஸ்டிங்’ என்றால் பெரும்பாலும் விஷயத்தை இத்தோடு விடு என்று பொருள். ‘நாட் பேட்’ என்பதோ பிரமாதம் என்பதற்குச் சமம். உடம்புக்கு முடியாவிட்டால் ஆபீசுக்குத் தொலைபேசியில் ‘அண்டர் தி வெதர்’ என்றால் போதும்; என்ன நோய் என்று ஒருவரும் துருவமாட்டார்கள். நம் தெருவில் அப்படிச் சொல்லிவிட்டு, நாலு வீட்டுக் கஷாயத்திலிருந்து தப்ப முடியுமா?

ஆகையால் பரீட்சைத் தாளில் பூனையும் நாயும் தாராளமாகப் பெய்யட்டும், திருத்துகிறவர் அதைத்தான் எதிர்பார்ப்பார். இங்கே மேற்படிப்புக்கு வரும்போது மட்டும் அவற்றை மதுரையிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லவும்.

அத்தை அனுப்பிய மாவடு பத்திரமாக வந்து சேர்ந்தது. ‘நாட் பேட்’ என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இவ்வூர் அர்த்தத்தையும் கூடவே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பார்சல் வராது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமகன்