நெல்லித்தோப்பின் நாணயச் சக்கரவர்த்தி வாழ்க!

ஆய கலைகள் அறுபத்து நான்கோடு, அறுபத்தைந்தாவதாக நாணயக் கலையையும் கல்லாமலே கைவரப்பெற்ற பெருந்தகை ஒருவர் நம் புதுச்சேரி நெல்லித்தோப்பில் எழுந்தருளியிருக்கிறார். அவர் தம் திருக்கரத்தால் எழுதிய காசுப் பட்டியலைக் கண்ணுறும் பேறு அடியேனுக்கும் வாய்த்தது.

பிரெஞ்சுக்காரர் இங்கே அடித்த செப்புத் துட்டு கிடைத்தால் சிற்றறிவாளர் என்ன செய்வார்? லென்சைத் தேடுவார். அல்லிப் பூவின் இதழ் எப்படி விரிந்திருக்கிறது, மறுபக்கம் ‘புதுச்சேரி’ என்னும் தமிழ் எழுத்து எப்படி நிற்கிறது, எடை முழுத் துட்டா அரைத் துட்டா என்று மாய்ந்துபோவார். நம் பெருமானுக்குக் கடைக்கண் பார்வை ஒன்றே போதும்: “பிரெஞ்சுக் காசு, பழசு.” எல்லாவற்றுக்கும் ஒரே எண், ஒரே உறை. காரைக்கால் என்று பொறித்த காசும் அந்த உறையிலேயே குடியிருக்கிறது. 1954இல் கிளம்பிய பிரெஞ்சுக்காரர் சமத்துவத்தை இவரிடம் ஒப்படைத்துவிட்டே போனார்கள் போலும்.

தூய்மையில் அவருக்கு நிகர் அவரே. தலைமுறை தலைமுறையாய்ப் படிந்த களிம்பைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துக் குத்துவிளக்காய் மினுக்கிவிடுவார். எழுத்தும் சேர்ந்து போய்விடுகிறதே என்பார் சில அற்பர். படிக்க எழுத்தே இல்லாத காசைத் தப்பாகப் படிக்க யாரால் முடியும்? என்னே முன்யோசனை!

ஆற்காட்டு ரூபாயில்தான் அவர் ஞானம் பூரண சந்திரனாய்ப் பொலிகிறது. 1736இல் ஆற்காட்டு நவாப் தோஸ்து அலி வழியாகப் பெற்ற உரிமையால் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் அடித்ததில் பிறை இருக்கும். ஆங்கிலேயர் சென்னையில் அடித்ததில் தாமரை இருக்கும். பிறை எங்கே என்று கேட்ட பொடியனிடம், “அது அழுக்கு தம்பி, தேய்ச்சா போயிடும்” என்று அருளினார். சொன்ன சொல் தவறாதவர்; போக்கியும் காட்டினார்.

முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீர் 1759இல் கொலையுண்டார். ஆனால் அவர் பெயரையும் ஹிஜ்ரி 1172ஆம் ஆண்டையும் தாங்கிய ரூபாய்களை ஆங்கிலக் கும்பெனியார் 19ஆம் நூற்றாண்டிலும் சென்னையில் எந்திரம் வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் விளிம்பின் கீற்றைப் பார்த்துக் காலம் பிரிக்கத் திண்டாடுவார்கள். பெருமானோ அத்தனைக்கும் 1759 என்றே எழுதி, எந்திரத்தில் அடித்த ரூபாயை எந்திரம் வந்து சேருமுன்பே பிறப்பித்துவிட்டார். பிரம்ம தேவனுக்கும் கிட்டாத வல்லமை!

இனி ஊரார் சேகரிப்புகளையும் வரிசைப்படுத்தித் தரத் திருவுளம் கொண்டிருக்கிறாராம். கட்டணம் வேண்டாமாம். புளியை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டுமாம்.