பிழியாத சந்தகை

அம்முணி, மொதல்ல அந்தக் கத்தியக் கீழ வையி. கால் மணி நேரமா அந்தக் காயோட நீ மல்லுக்கட்டறதை இந்த ஜன்னலோரம் உக்காந்து பாத்துக்கிட்டேதான் இருக்கறேன். நேத்தே சொல்லியிருப்பேன். சொன்னா, "அப்பச்சி, இது அரசாணிக்காய் இல்லீங்க, பாஸ்தா"ம்ப. சரி, பாஸ்தான்னே வெச்சுக்குவோம். பாஸ்தாவ வெட்ட அருவா தேடற ஊரை நான் இப்பத்தான் பாக்கறேன்.

கோபியில இருந்து இந்த நியூஜெர்சிக்கு வந்து மூணு மாசமாச்சு. வந்தன்னைக்கே உங்கம்மா சட்டம் போட்டுட்டா. உங்கப்பாவுக்குச் சக்கரை எட்டிப் பாக்குதாம், இனி இந்த ஊட்ல ராத்திரிக்குச் சோறு கெடையாதுன்னா. நல்ல ரோசனைதான். மாப்பிள்ளை நல்லா இருந்தாத்தானே மாமனாருக்கு ஊருக்குள்ள மரியாதை? அப்பறம் என்னத்தத்தான் திங்கறதுன்னு கேட்டா, எலுமிச்சம்பழ நெறத்துல, எளநி பெருசுக்கு ஒண்ணைக் கொண்டாந்து மேசை மேல உருட்டுனா. ஸ்பகெட்டி ஸ்குவாஷாம். சுண்டிப் பாத்தேன், டொக்குன்னுது. நகத்தால குத்திப் பாத்தேன், எறங்கலை. நல்லா முத்துன காயி. அந்த மட்டுக்கும் கடைக்காரன் ஏமாத்தலைன்னு மனசுக்குள்ளயே நெனச்சுக்கிட்டேன்.

இப்பச் சொல்றதைக் கேளு. முள்கரண்டியில ஏழெட்டு எடத்துல நல்லாக் குத்திப்போட்டு, அந்த மைக்ரோவேவ்ல மூணு நாலு நிமிசம் வையி. தோலு எளகிக் குடுக்கும், கத்தி எறங்கும். குத்தாம வெச்சயோ, உள்ளாற இருக்கற ஆவி போக்கிடமில்லாம காயைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும். அப்பறம் ராத்திரி பூரா அந்தப் பொட்டிக்குள்ள தலைய உட்டுத் தொடைச்சுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

அடுத்து, நேத்தாட்ட நெட்டுக்குப் பொளக்காத. நேத்து வெந்த பொறகு, ஆரும் பாக்காதப்ப ஒரு மூடியைத் தூக்கி வெளிச்சத்துல வெச்சு வெரலால நெம்பிப் பாத்தேன். நூலு காம்புல இருந்து அடிக்கு ஓடுதுன்னுதானே நெனச்சிருப்ப? அதுதான் இல்ல. பம்பரத்துல சாட்டை சுத்துனாப்பல, காயோட இடுப்பைச் சுத்திச் சுத்தி ஓடுது. நீ நெட்டுக்கு வெட்டுனப்ப அத்தனை நூலையும் ரெண்டெடத்துல அறுத்துப்போட்ட. அதனாலதான் நேத்து உன்ற தட்டுல கெடந்தது ஸ்பகெட்டி இல்ல, மளிகைக்கடையில மூட்டை அடியில தங்கற சேமியாத் தூளு. குறுக்கால, ரெண்டு வெரக்கடை கனத்துக்கு வளையம் வளையமா அரி. நடுவால இருக்கற விதையை வழிச்சு எடு. விதையைக் குப்பையில போடாத, என்கிட்டக் குடு. உப்பைத் தூவி கால் மணி நேரம் உடு, முத்து முத்தாத் தண்ணி வேர்க்கும், அதை ஒரு துணியில ஒத்தி எடு. உங்க அடுப்பு கணக்குல 400, எங்க கணக்குல 200 டிகிரி. அரை மணி நேரம் ஆனதும் முள்கரண்டியில ஒரு எழை இழுத்துப் பாரு. நறுக்குன்னு இருக்கறப்பவே எறக்கிரு. நேத்து நீ போன்ல பேசிக்கிட்டே ஒரு மணி நேரம் உட்டுட்ட. அது காயுமில்ல, நூலுமில்ல, பல்லில்லாத எனக்குன்னே பண்ணுனதாட்ட இருந்துச்சு.

இதோட சாதகத்தை நீ போன்ல படிச்சுக் காட்டுனப்பத்தான் எனக்குச் சிரிப்பு அடங்கலை. குக்கர்பிட்டா பெப்போன்னு கொலத்துப் பேரு. நீ சாலட்ல போடறயே சுக்கினி, அது இதோட கூடப்பொறந்தது. அக்டோபர் கடைசியில வாசல்ல மூஞ்சி செதுக்கி வெளக்கு வெக்கறீங்களே, அந்தப் பூசணியும் பெரும்பாலும் இதே வயித்துப் புள்ளதான். நம்மூரு அரசாணிக்காயி பங்காளி வகையறா. மெக்சிகோவுல ஓஹாகாப் பக்கம் ஒரு கொகையில கெடைச்ச பெப்போ விதைக்கு 10,000 வருசம் வயசாம். அத்தனை பழைய குடும்பம். அதுல ஒரு கெளை எப்படியோ கடல் தாண்டி சீனா, ஜப்பான்னு போயி நூலுக்காயாப் பொழைச்சுது. 1936-ல பர்ப்பீன்னு விதைக் கம்பெனிக்காரங்க 'வெஜிடபிள் ஸ்பகெட்டி'ன்னு பேர் வெச்சு இங்க வித்தாங்க. பொறவு லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஃப்ரீடா கேப்லன்னு ஒரு அம்மா, உங்களுக்கெல்லாம் கிவிப் பழத்தைத் திங்கப் பழக்குன அதே அம்மா, இதையும் கடை கடையாக் கொண்டுபோனாங்க. பூர்வீகம் இந்தக் கண்டந்தான். போயிட்டு வந்தப்பப் பேரும் நடையும் மாறிப்போச்சு. நம்ம வகையறாவுலயும் அப்படி நாலு பேரு உண்டு, ஆரு எவருன்னு நான் சொல்ல மாட்டேன்.

இதுல இன்னொரு கூத்து. 1957 ஏப்ரல் 1ந்தேதி லண்டன் பிபிசிக்காரங்க, சுவிட்சர்லாந்துல மரத்துல ஸ்பகெட்டி காய்ச்சுத் தொங்கறதாவும் பொம்பளைங்க அதைப் பறிச்சு வெயில்ல ஒணத்தறதாவும் டிவியில படம் போட்டாங்களாம். அதை நம்பி, அந்த மரத்தை எப்படி வளக்கறதுன்னு சனங்க போன் போட்டுக் கேட்டாங்களாம். முட்டாப் பசங்கன்னு ஊரே சிரிச்சுது. ஆனா அதுக்கு 21 வருசம் முந்தியே இந்த அமெரிக்காவுல அது கொடியில காய்ச்சுக் கெடந்துச்சு பாரு! யாரு முட்டாள்னு இன்னொருக்கா எண்ணிப் பாக்கோணும்.

அதெல்லாங் கெடக்கட்டும். ஒடம்புக் கணக்குக்கு வா. வெந்த காயி ஒரு கப்புல 42 கலோரி, மாவுச்சத்து 10 கிராம். பாஸ்தா ஒரு கப்புன்னா 220 கலோரி, மாவுச்சத்து 43 கிராம். அஞ்சுல ஒரு பங்குதான். சக்கரை எட்டிப் பாக்கற மனுசனுக்கு இது நல்லதுதான், நான் இல்லைங்கலை. ஆனா நீ நார்ச்சத்து, நார்ச்சத்துன்னு மார்தட்டுனயே, அதைப் பாத்தியா? ரெண்டுலயும் ரெண்டு கிராமும் சில்லறையும்தான். பாக்கறதுக்கு நாரா இருந்தா நார்ச்சத்து ஆயிருமா? அப்படிப் பாத்தா எங்க கயித்துக் கட்டலைத்தான் திங்கோணும். புரதம் பாஸ்தாவுல 8 கிராம், இதுல 1. கண்ணுக்கு நல்லதுங்கற அந்த ஆரஞ்சுச் சத்தும் இந்த வெளுத்த காயில கம்மி. செக்கச்செவேல்னு இருக்கற அரசாணிக்கிட்ட இது நிக்க முடியாது.

இதையெல்லாம் காயி மேல குத்தமாச் சொல்லலை. பாதிக்கு மேல தண்ணி இல்ல, நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல தண்ணி. அது என்ன பண்ணும் பாவம்? நேத்து அது மேல நீ ஊத்துனதைத்தான் நான் எண்ணிக்கிட்டு இருந்தேன். வெண்ணெய் ரெண்டு பெரிய கரண்டி, அதுவே 200 கலோரி. கெட்டிக் கிரீம் ஒரு டம்ளரு. மேல சீஸைத் துருவித் துருவி, ஐப்பசி மழையாட்ட உட்ட. அதுக்கும் மேல பூண்டு ரொட்டி. சுண்டக்கா கால் பணம், சுமகூலி முக்கால் பணம்னு இதைத்தான் சொன்னாங்க. அப்பறம் போனைத் தூக்கிப் படம் புடிச்சு, 'ஹெல்தி டின்னர்'னு போட்ட. சாட்சிக்கு என்னைக் கூப்புட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு தெரியலை.

ராத்திரி பதினோரு மணிக்கு சமையக்கட்டுல ஏதோ சரசரன்னு சத்தம். எலியாக்கும்னு எந்திரிச்சு வந்தேன். வெளக்குப் போடலை. ஃபிரிட்ஜு வெளிச்சத்துல சிப்ஸ் பொட்டலத்துக்குள்ள முழங்கை வரைக்கும் உட்டுக்கிட்டு ஒரு எலி நின்னுச்சு. உன்ற மாதிரியே பனியன் போட்ட எலி. அப்படியே திரும்பிப் படுத்துட்டேன். பருப்பு இல்ல, பயிறு இல்ல, வெறும் காயைத் தின்னுட்டுப் படுத்தா வயிறு சும்மா உடுமா? ஒரு கை கொண்டக்கடலையோ, ரெண்டு முட்டையோ, கோழித் துண்டோ கூட இருந்தா அந்த எலி வந்திருக்காது.

பாஸ்தா மேலயும் இத்தனை கோவம் வேண்டாம் கண்ணு. இத்தாலிக்காரன் வேகறதுக்கு முந்தி 80 கிராம் நிறுத்துப் போடறான். அதைத் தின்னுபோட்டு அதுக்கப்பறம் மீனோ கறியோ கீரையோ திங்கறான். நீங்க அண்டாவுல அவிச்சு, தட்டுல கரட்டு மேடாட்டக் குமிச்சுத் தின்னுபோட்டு, கோதுமை மேல பழியப் போடறீங்க.

இந்தக் காயை வெளைவிச்ச ஊர்க்காரன் எப்படித் திங்கறான்னு பாரு. ஷாங்காய்ப் பக்கம் சோங்மிங்னு ஒரு தீவுல இதுக்குத் தங்கக்காயின்னு பேரு. வேகவெச்சு, நூலெடுத்து, ஆறவெச்சு, வெங்காயத்தாள் எண்ணெய் உட்டுப் பெசைஞ்சு நறுக்கு நறுக்குன்னு கடிக்கறாங்க. ஜப்பான்ல சோமென்ங்கற நூடுல்ஸ் பேரையே வெச்சுப்போட்டும், வினிகர் ஊத்திப் பச்சடியாட்டத் திங்கறாங்க. காயைக் காயாத் திங்கறான். நீங்கதான் அதுக்குக் கோதுமை வேசங்கட்டி, தக்காளிச் சாயம் பூசி, 'அசல் பாஸ்தாவாட்டமே இருக்குதில்ல?'ன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறீங்க. உங்கப்பா பாவம், 'ஆமாமா'ங்கறார். கண்ணுல தண்ணி நிக்குது.

போன வாரம் நீங்கெல்லாம் வெளிய போயிருந்தப்ப நான் ஒண்ணு பண்ணுனேன், உங்கம்மாகிட்டச் சொல்லிராத. மிச்சமிருந்த நூலை ஒதறி, தண்ணிய வத்த உட்டேன். கடலெண்ணெய் ஒரு சின்னக் கரண்டி, கடுவு, உளுத்தம்பருப்பு, வரமொளகா, கருவேப்பிலை, கை நெறையா நெலக்கடலை. நூலைப் போட்டு ரெண்டு பெரட்டு. எறக்கிவெச்சு எலுமிச்சம்பழம் புழிஞ்சு, தேங்காயை மேலாப்பல தூவுனேன். நம்ம எலுமிச்சைச் சந்தகை பண்றாப்பலயேதான். உங்கப்பா வந்தார், ஒரு வாய் வெச்சார், "மாமா, இது என்னங்க?"ன்னார். பாஸ்தான்னு நான் சொல்லலை. சந்தகைன்னும் சொல்லலை. "காயிங்க மாப்பிள்ளை"ன்னேன். தட்டை வழிச்சுப்போட்டுத்தான் எந்திரிச்சார்.

அன்னைக்கு உங்கம்மிச்சிக்குப் போன் போட்டப்ப, "என்ன தின்னீங்க?"ன்னா. வாய் தவறி, "சந்தகையாட்ட ஒண்ணு"ன்னுட்டேன். உனக்குத் தெரியாது, எங்களுக்குச் சந்தகைன்னா சின்ன வேலையில்ல. புழுங்கலரிசிய ஊறவெச்சு, அரைச்சு, இட்லியா ஊத்தி எடுத்து, சூடு ஆறறதுக்குள்ள மர அச்சுல வெச்சு ரெண்டாளு தொங்கி அமுத்தோணும். உங்கப்பா மொத மொத விருந்துக்கு வந்தப்ப எனக்கு ரெண்டு நாளு தோளுவலி. அவ உடனே, "அங்க ஆரு அமுத்துனா?"ன்னு கேட்டா.

"ஆரும் அமுத்தலை. காயிக்குள்ளயே புழிஞ்சு வெச்சிருக்குது"ன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. மாடு கத்தறது மட்டும் கேட்டுச்சு. அப்பறம், "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லோணும்"னா. நான் சத்தியம் பண்ணுன பொறகுதான் நம்புனா. நம்புன உடனே கேட்டா பாரு, "விதை இருக்குதா?"

அதுக்குத்தான் அந்த ஜன்னல்ல பேப்பர் விரிச்சு விதையைக் காயப்போட்டிருக்கறேன், நீ தெனமும் 'இது எதுக்கு அப்பச்சி?'ன்னு கேக்கறயே. ஊருக்குக் கொண்டுபோக ஏர்போர்ட்ல உடமாட்டாங்கன்னு உங்கம்மா சொல்லிப்போட்டா. சரி, உங்க தோட்டத்துலயே நாலு போடலாம்னு பாத்தா, அடுத்த ஊட்டுக்காரன் வேலியோரமாச் சுக்கினி வெச்சிருக்கறான். தேனீ இங்கிருந்து அங்க போகும், அங்கிருந்து இங்க வரும். மனுசன்ல கூடப்பொறந்தது கட்டிக்காது, காயில கட்டிக்கும். இந்த விதையே எந்தத் தோட்டத்துல எதோட சேந்து வந்துச்சோ, முளைச்சு என்னவா வருமோ தெரியாது. காய்ச்சா ஒரு துண்டு நாக்குல வெச்சுப் பாரு, கசந்தா அப்படியே துப்பிப்போட்டு, கொடியோட புடுங்கி எறிஞ்சிரு. இந்தக் கொலத்துல கசக்கற காயி வயித்தைக் கெடுத்துரும், தாளிச்சாலும் சரியாகாது.

உன்ற அம்மிச்சிக்கு இதெல்லாம் சொன்னேன். "விதைக்கு ஆவாத காயி, அதுக்கு இத்தனை பேச்சா?"ன்னு போனை வெச்சுட்டா.

சரி, அந்த மைக்ரோவேவு கத்துது பாரு, காயி எளகியிருக்கும். துணியப் போட்டுப் புடி, சுடும். குறுக்கால, அம்முணி, குறுக்கால!